எழுத்துக்கு ஒரு ஏரி வாரியம்

கணினியில் தமிழ் எழுத்து எப்படி வந்தது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், நாம் கேட்கிற திருத்தங்களை அவர்கள் ஏன் சட்டென்று செய்துவிடுவதில்லை என்று எழுதும்படி இரண்டு மூன்று அன்பர்கள் கேட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கொஞ்சம் கோபம். "நம்ம எழுத்தை எவன் கையிலோ கொடுத்துட்டு, அவன்கிட்டயே மனுப் போட்டுக்கிட்டு நிக்கணுமா சார்?" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் மனு வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தவன் நான். மனுக் கொடுக்கிறவர் கோபமும் தெரியும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் படும் பாடும் தெரியும். அதனால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கணினிக்குப் போகும் முன் உத்திரமேரூருக்குப் போய்விட்டு வருவோம். ஏனாத்தூர்க்காரன் வேறு எங்கிருந்து தொடங்குவான்!

குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஆனால் அவை இரண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதலாவது கி.பி. 919-ல், முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. இரண்டாவது 921-ல், 14-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. இரண்டே வருஷத்தில் விதியைத் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் விதியில் வாரியத்துக்கு வருபவர் வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினர்களும் கூடாது. ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்று வருஷம் ஒதுங்கி இருக்க வேண்டும். முப்பது குடும்புகளின் ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். பதவிக்காலம் 360 நாள். இது எல்லாருக்குமான குடியாட்சி இல்லை. நிலமும் வேதப்படிப்பும் உள்ள பிராமண சபையார் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, நாமாவது சொல்லி வைப்போம்.

அந்த வாரியங்களில் ஏரி வாரியம் என்று ஒன்று. உறுப்பினர் ஆறு பேர். பல்லவர் காலத்து வயிரமேக தடாகத்தை வைத்துக்கொண்டிருந்த ஊர் அது. ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர் அத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டும். கரை, மதகு, கலங்கல், தூர் இவற்றைப் பார்க்க மட்டும் ஆறு பேர். எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரிகளிலும் என் சின்ன வயசு வரைக்கும் இதே கதைதான். "என் கழனிக்குத் தண்ணி விடு" என்று நீர்க்கட்டியிடம் கூச்சல் போடுகிறவர்களுக்குக் குறைச்சல் இருக்காது. குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வா என்று தண்டோரா போட்டால்தான் ஊரில் பாதிப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

கணினி உலகில் திறந்த மூல மென்பொருள் என்று சொல்கிறார்களே, அது இந்த ஏரி மாதிரிதான். ஒருவரோ பத்துப் பேரோ சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதி, அதன் உள் எழுத்தையும் மறைக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிடுகிறார்கள். காசு கிடையாது. உலகம் முழுக்க அதை எடுத்துப் பயன்படுத்துகிறது. பிறகு தொடங்குகிறது மனு. இந்த வசதி வேண்டும், அது சரியில்லை, போன மாசமே சொன்னேனே, இன்னும் ஏன் செய்யவில்லை! தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதா என்று நம் ஊரில் கேட்பார்கள். ஆனால் மாடு முட்டினால் முட்டுகிறது என்று சொல்லத்தானே வேண்டும்? இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இந்தச் சண்டை ஓய்வதில்லை.

தமிழ் எழுத்தில் இந்தச் சண்டை கணினிக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. என் வயசுக்காரர்கள் துதிக்கை வைத்த 'லை' எழுதிப் பழகியவர்கள். 'ணா', 'றா', 'னா' எல்லாம் சுழித்து ஒட்டிய தனி வடிவங்கள். தட்டச்சுப் பொறியில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி இடம் தேட வேண்டும். பெரியார் 1935-ல் இவற்றை மாற்றலாம் என்று எழுதினார். எழுதிவிட்டு யாராவது செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை. தம் 'குடி அரசு' பத்திரிகையிலேயே அந்த வடிவங்களில் அச்சுக் கோக்கச் செய்தார். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, 1978-ல், எம்.ஜி.ஆர். அரசு அதை ஆணையாக்கியது. அலுவலகத்தில் எங்கள் தட்டச்சர்கள் ஆணை வந்த பிறகும் பழைய பொறியையே தட்டிக்கொண்டிருந்தார்கள், புதுப் பொறி வர வேண்டுமே! 'ஐ'க்குப் பதில் 'அய்', 'ஔ'வுக்குப் பதில் 'அவ்' என்ற பெரியாரின் யோசனை மட்டும் பொது வழக்கில் நிற்கவில்லை. பின்னால் வா.செ. குழந்தைசாமி இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளை, அதாவது 72 எழுத்துகளை, ஒரே சீராக்கலாம் என்று பல வருஷம் வாதாடினார். துணைவேந்தராக இருந்தவர், அறிவியலாளர், வாதத்திலும் குறை இல்லை. ஏற்கவில்லை. முந்தையதை ஒருவர் தம் சொந்த அச்சகத்தில் நாற்பது வருஷம் ஓட்டிக் காட்டியிருந்தார். பிந்தையது பெரும்பாலும் கட்டுரையிலும் மேடையிலுமே நின்றுவிட்டது. மனுவோடு இணைப்பு வேண்டும் என்று நாங்கள் கேட்போமே, அந்த வித்தியாசம்தான்.

இனி கணினி. கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் ஒதுக்க வேண்டும். 1990-களில் ஆளாளுக்கு ஒதுக்கினார்கள். எங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்துரு, பக்கத்து அலுவலகத்தில் இன்னொன்று. ஒரு கணினியில் அடித்த கடிதத்தை மற்றொன்றில் திறந்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் மறுபடி அடிப்போம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்து, பொது எழுத்துக் குறியீடும் 'தமிழ்99' விசைப்பலகையும் வகுத்துக் கொடுத்தார்கள். விசைப்பலகை அறிவியல் முறைப்படி நன்றாகவே இருந்தது. இடக்கையில் உயிர், வலக்கையில் பெரும்பாலும் மெய். ஆனால் பொறியில் பத்து வருஷம் தட்டிய விரல் அதற்கு மசியவில்லை. வல்லுநர் வகுத்தது ஒன்று, விரல் கேட்டது ஒன்று.

இந்த இடத்தில்தான் தன்னார்வலர்கள் வந்து உதவினார்கள். 'தமிழா' என்ற குழுவினர், முகுந்த்ராஜும் நண்பர்களும், 'எ-கலப்பை' என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் ஓர் ஆஸ்திரேலியக் குழுமத்தின் விசைப்பலகை மென்பொருளை அடித்தளமாக வைத்துச் செய்தார்கள், 2010 வாக்கில் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து சொந்தமாக, திறந்த மூலமாக எழுதிக்கொண்டார்கள். தமிழ்99 தான் சரி என்றவர்கள், ஆங்கில ஒலிப்படி அடிப்போம் என்றவர்கள், பாமினி பழகிய இலங்கைத் தமிழர்கள், என் போன்ற தட்டச்சுக்காரர்கள் என்று எத்தனை கோரிக்கை! ஒன்றையும் தள்ளாமல் எல்லா அமைப்பையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார்கள். விசைப்பலகையில் அப்படிச் செய்யலாம். என் விரல் எப்படி அடித்தாலும் உள்ளே போகிற எண் ஒன்றுதான். அந்த எண்ணையே மாற்று என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

அந்த எண்களை வைத்திருப்பது யூனிகோடு என்ற ஒருங்குறி அமைப்பு. 1991-ல் முதல் பதிப்பு. நம் நண்பர் கோபப்பட்ட இடம் இதுதான். ஆனால் தமிழுக்கான அந்தப் பட்டியல் எங்கிருந்து போனது தெரியுமா? இந்திய அரசு 1988-ல் வகுத்த இஸ்கி என்ற பட்டியலிலிருந்து. எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே சட்டம் என்று தேவநாகரியை வைத்து அளவெடுத்த சட்டை. க, ங இரண்டுக்கும் நடுவில் தமிழுக்கு எதுவுமே இல்லை என்பதால் அங்கே மூன்று கட்டங்கள் இன்றும் காலியாகக் கிடக்கின்றன. ஒதுக்கிய 128 இடத்தில் நிரம்பியிருப்பது 72. அதாவது உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் ஓர் எண், கால், கொம்பு, புள்ளிக்கு ஓர் எண். 'கை' என்று எழுத முதலில் 'க', பிறகு சங்கிலிக் கொம்பு. பொறியில் கொம்பை முதலில் தட்டிய என் போன்றவனுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

இதில் தமிழருக்கு உள்ள மனக்குறை நியாயமானது. 'கி' என்பது எனக்கு ஓர் எழுத்து. குழந்தைக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். கணினிக்கு அது இரண்டு. எண்ணுவது, வரிசைப்படுத்துவது, பாதியில் வெட்டுவது எல்லாவற்றிலும் கூடுதல் வேலை. ஆகவே 247-க்கும் தனித்தனி இடம் கொடு என்று கேட்டோம். 'டேஸ்16' என்ற அனைத்தெழுத்துக் குறியீட்டை வல்லுநர்கள் வகுத்தார்கள். யூனிகோடு அமைப்பு மறுத்துவிட்டது.

அப்போது நம்மவர்கள் கேட்ட கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. கொரியாக்காரனுக்கு மட்டும் 11,172 இடம் கொடுத்தாயே, எங்கள் 247 உனக்குப் பாரமா?

இதற்குப் பதில் 1996-ல் இருக்கிறது. அந்த வருஷம் இரண்டாம் பதிப்பில், ஏற்கெனவே ஓர் இடத்தில் வைத்திருந்த கொரிய எழுத்துகளைக் கிளப்பி, வேறு இடத்தில் முழு வரிசையாகக் குடிவைத்தார்கள். பழைய எண்களில் எழுதி வைத்திருந்த கோப்புகள் அத்தனையும் பொருளிழந்து போயின. அந்தக் குழப்பத்தைப் பார்த்த பிறகு ஒரு விதி செய்தார்கள். ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்துவதும் இல்லை, நீக்குவதும் இல்லை. கொரியருக்குக் கதவு திறந்திருந்தது, அவர்கள் போன பிறகு சாத்திவிட்டார்கள். நாம் போய்த் தட்டியபோது சாத்தி வருஷங்கள் ஆகியிருந்தன.

2010 ஜூன் 23-ஆம் தேதி, கோவை செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. ஒருங்குறியே தரம், அது முழுமையாக இயங்காத இடத்தில் டேஸ்16. நல்ல அரசாணை, வழுக்காமல் எழுதிய வாசகம், அந்த வகையில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் டேஸ்16 எழுத்துகள் உட்கார்ந்திருப்பது யூனிகோடு 'தனிப்பயன் பகுதி' என்று ஒதுக்கிய இடத்தில். வருவாய்த் துறைக்காரர்களுக்கு ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்: புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் குடிசை போடலாம், பட்டா கிடையாது. நாளைக்கே வேறொருவர் அதே இடத்தில் வேறு எழுத்தை வைத்தாலும் கேட்க முடியாது.

மறுத்தது சரிதானா என்று கேட்டால், 2010-ல் மறுத்தது சரி என்பேன். அதற்குள் தமிழில் கோடிக்கணக்கான பக்கங்கள் பழைய எண்களிலேயே எழுதப்பட்டுவிட்டன. மாற்றியிருந்தால் ஒரே எழுத்துக்கு இரண்டு முகவரி, பாதித் தபால் அங்கே, பாதி இங்கே. ஆனால் 1991-ல் தமிழாசிரியர் யாரையும் உட்காரவைத்துக் கேட்காமல் ஒரு பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்களே, அது சரியில்லை. அதைக் கொடுத்த நம் அரசாங்கத்தின் பங்கு அதில் பெரும்பங்கு. ஆரம்பத்தில் கேட்காமல் விட்டதை, பிறகு எவ்வளவு நியாயமாகக் கேட்டாலும் தர முடியாத நிலை. பட்டா ஏறிய பிறகு எல்லைத் தகராறு மாதிரி.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'ஓ'வும் 'ஏ'யும் ஒட்டிப் பிறந்த இரட்டை எழுத்து ஒன்று உண்டு. இதயம், சகோதரி, முட்டை, மாடு, இந்தச் சொற்களையெல்லாம் அது இல்லாமல் சரியாக எழுத முடியாது. பிரித்து எழுதினால் எங்கள் ஆசிரியர் பிரம்பை எடுத்துவிடுவார். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென்று 1987-ல் உலகத் தர அமைப்பு வெளியிட்ட பட்டியலில் அந்த எழுத்தே இல்லை! பெரியது, சிறியது இரண்டும் இல்லை. மேலே இரு புள்ளி வைத்த பெரிய 'இக்ரெக்' எழுத்தும் இல்லை. பட்டியலில் இருந்த பெருக்கல் குறிக்கும் வகுத்தல் குறிக்கும் மட்டும் இடம் இருந்தது. தங்கள் மொழியைக் காக்க 1635 முதல் ஓர் அகாதெமியே வைத்திருக்கும் நாட்டுக்கு இந்தக் கதி. 1999-ல் தான் புதுப் பட்டியல் போட்டு அந்த மூன்றையும் சேர்த்தார்கள். அதுவும் யூரோ நாணயக் குறி சேர்க்க வேண்டி வந்தபோது, போகிற வண்டியில் இடம் கிடைத்த மாதிரி. என் பிரெஞ்சு ஆசிரியர் இருந்திருந்தால் நொந்துபோயிருப்பார்.

எண் சரியாக இருந்தாலும் திரையில் சரியாகத் தெரிய வேண்டுமே. வலைப்பூக்கள் புதிதாக வந்த காலத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு ஃபயர்பாக்ஸ் உலாவியின் கூத்து நினைவிருக்கும். அது திறந்த மூல மென்பொருள், 2004 நவம்பரில் முதல் பதிப்பு. விண்டோஸ் கணினியில் ஒரு பத்தியின் இரண்டு ஓரத்தையும் நேராக்கி வைத்திருந்தால், தமிழ் எழுத்து அதில் உடைந்து சிதறும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வைத்த வட்டம். நம் மக்கள் புகார் எழுதினார்கள். இந்திக்காரர்களும் மற்றவர்களும் எழுதினார்கள். வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே ஒருவருக்கொருவர் "ஐயா, உங்கள் பதிவின் ஓரத்தை நேராக்காதீர்கள், ஃபயர்பாக்ஸில் உடைகிறது" என்று சொல்லிக்கொண்டோம். உபாயம் செய்து வாழப் பழகியவர்கள்தானே நாம். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்தபோது எழுத்தைக் கோக்கும் உள்பகுதியையே அடியோடு மாற்றியிருந்தார்கள், உடைசல் நின்றது. தமிழ் உடைகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை மாற்றவில்லை. ஆனால் அஸ்திவாரத்தில் இருந்த கோளாறு அது, மேல்பூச்சுப் பூசினால் தீராதது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு "ஒரு எழுத்து உடைகிறது, நாலு வருஷமா?" என்றுதான் தோன்றும். மதகில் கசிவு இருந்தால் ஏரியை வற்ற விட்டுத்தான் கட்ட முடியும் என்பது கரையில் நிற்பவனுக்குத் தெரியாது.

பொறுமை இழந்து நெருக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய கதை ஒன்று இருக்கிறது. தமிழோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 'எக்ஸ்-இஸட்' என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். உலகத்துச் சேவைக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பல வருஷம் தனியாகப் பார்த்துக்கொண்டவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின். சம்பளம் இல்லாத வேலை. 2022-ல் சிலர் அவரை நெருக்க ஆரம்பித்தார்கள். ஏன் தாமதம், உங்களால் முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்களேன் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். அவர் மனநலம் சரியில்லை என்றும், இது தாம் ஓய்வில் செய்கிற வேலை என்றும் சொல்லிப் பார்த்தார். விடவில்லை. அந்தச் சமயத்தில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, பணிவாக, நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் சாவி அவர் கைக்கும் போனது. 2024-ல் அவர் அந்த மென்பொருளுக்குள் திருட்டு வாசல் ஒன்றை வைத்து வெளியிட்டார். நெருக்கிக் கடிதம் எழுதியவர்களும் போலிப் பெயர்கள், ஒரே கூட்டம் என்பதுதான் ஆராய்ந்தவர்கள் வந்த முடிவு.

கண்டுபிடித்தது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தம் கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டினார். 2024 மார்ச் 29-ஆம் தேதி விஷயத்தை வெளியிட்டார். அந்த அரை விநாடியை அவர் சட்டை செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை வங்கி, எத்தனை மருத்துவமனை! கணக்குக் காட்டாதவன் உறவுமுறை வரைக்கும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று கல்லில் வெட்டியவர்கள் ஊர்ப் பகைக்காக வெட்டவில்லை. ஆள் யார், வீடு எங்கே, நிலம் எவ்வளவு என்று கேட்டது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஜியா டானுக்கு வீடு எங்கே என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

யூனிகோடு அமைப்பு நாம் சொன்னதையெல்லாம் தள்ளியது என்று நினைத்துவிடாதீர்கள். 2010-ல் கிரந்தத்தைப் பற்றி எழுந்த கலவரம் பலருக்கு நினைவிருக்கலாம். தமிழ்ப் பட்டியலுக்குள் கிரந்த எழுத்துகளைச் சேர்க்கலாம் என்று ஒரு முன்மொழிவு. கிரந்தத்துக்குத் தனிப் பட்டியல் போட்டு அதில் தமிழுக்கே உரிய சில எழுத்துகளைச் சேர்க்கலாம் என்று மற்றொன்று. தமிழறிஞர்கள் கொதித்தார்கள், மாநில அரசு நிறுத்தி வைக்கச் சொல்லி மத்திய அரசுக்கு எழுதியது. நிறுத்தினார்கள். 2014-ல் கிரந்தத்துக்குத் தனிப் பட்டியல் வந்தது. அதில் 'ழ'வும் இல்லை, 'ற'வும் இல்லை, 'ன'வும் இல்லை. பழைய சமஸ்கிருத ஏடுகளைப் படிக்கிறவர்களுக்கும் வழி கிடைத்தது, தமிழ்ப் பட்டியலும் கலையவில்லை. சேர்க்காதே என்று கேட்பதும் ஒரு மனுதான். இடம் கொடுப்பதற்கு முன்பே போன மனு என்பதால் அது செல்லுபடியானது.

எனக்கு மிகவும் பிடித்தது 2019 மார்ச்சில் நடந்தது. பழைய கிராமக் கணக்குகளில் கணக்குப்பிள்ளை போட்ட குறிகளெல்லாம் கணினிக்கு வந்தன. 2012-ல் முன்மொழிந்து, பழைய கணக்கு நூல்களிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் சான்று காட்டி, தமிழ் வல்லுநர்களின் மறுப்புக்கும் திருத்தத்துக்கும் பதில் சொல்லி, ஏழு வருஷம் ஆயிற்று. மொத்தம் 51 குறிகள். முந்திரி, அரைக்காணி, காணி, மா, வீசம், அரைக்கால் என்று பின்னங்கள். முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. இன்றைய பிள்ளைகளுக்கு அது கொட்டை. உழக்கு, குறுணி, பதக்கு என்று நெல் அளவைகள். பணம், பொன், வராகன். குழி, வேலி. நன்செய், புன்செய், உப்பளம். வரவு, வகையறா. நான் பணியில் சேர்ந்தபோது தாலுகா அலுவலகப் பதிவறையில் கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய கணக்குகளில் இவற்றைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பிரிவில் ஓர் அப்பாவின் வயதுள்ள எழுத்தர் மட்டும் அவற்றைத் தடங்கலில்லாமல் படிப்பார். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் கட்டுகள் ஊமையாகிவிட்டன.

அந்த 51-க்கும் இப்போது உலகம் முழுக்கச் செல்லும் பட்டா இருக்கிறது, யாராலும் நகர்த்த முடியாது. ஆனால் பெரும்பாலான கைப்பேசிகளில் இன்னும் வெறும் கட்டமாகத்தான் தெரிகின்றன. எழுத்துரு வேண்டும். 'நோட்டோ' வரிசையில் தமிழ்ப் பிற்சேர்க்கை என்று இலவச எழுத்துரு ஒன்று இருக்கிறது, திறந்த மூலம்தான். பேரன் என் கணினியில் போட்டுக் கொடுத்தான். வேலிக் குறியை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நம் பக்கத்து வீடுகளில், பரணில், பழைய பெட்டியில் தாத்தா காலத்துக் கணக்குப் புத்தகமோ நிலப் பத்திரமோ இருந்தால் தூசி தட்டிப் பாருங்கள். அதில் உள்ள குறி இந்தப் பட்டியலில் உள்ள வடிவத்தோடு ஒத்துப்போகிறதா, நம் செங்கல்பட்டுப் பக்கத்துக் கணக்குப்பிள்ளைகள் வேறு விதமாகச் சுழித்தார்களா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. தெளிவாகப் படம் எடுத்து, எந்த ஊர்க் கணக்கு, எந்தப் பசலி என்று குறித்து வையுங்கள். எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் காபி உண்டு. வித்தியாசம் இருந்தால் முறைப்படி எழுதி, இணைப்போடு, நானே அனுப்பி வைக்கிறேன்.